தண்ணீரில் ஒரு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், இந்தக் கோடைக்கு மலையேறாமல் ஏரி, காயல், தீவு என்று ஒரே ஒரு நாள் போய்விட்டு வாருங்களேன் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் எடுத்தாக வேண்டும், எடுத்துப் போனாலும் ஏரிக்கரையில் தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம் தெரிகின்றன, அந்தக் கடுப்பில் எழுதியது அது. எழுதியபோது இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கே: எங்களுக்குத் தேனி. அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 66, இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். ஆலப்புழை பார்த்துவிட்டு ஒரே நாளில் திரும்ப வேண்டும். ஹவுஸ்போட் வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, வேண்டாம் என்றால் பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

ப: ஹவுஸ்போட் ராத்திரி தங்குவதற்கான சமாச்சாரம். பகலில் நாலைந்து மணி நேரத்துக்கு அதை எடுத்தால் காசில் பாதி அந்தப் படுக்கையறைக்கும் ஏ.சி.க்கும்தான் போகும், அதில் யாரும் படுக்கப்போவதில்லை. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். கேரள அரசுக்கு நீர்ப் போக்குவரத்துத் துறை என்றே ஒரு துறை இருக்கிறது, 1968இல் ஆரம்பித்தது. நம்மூர் டவுன் பஸ் மாதிரி அவர்கள் படகு விடுகிறார்கள், டிக்கெட்டும் டவுன் பஸ் டிக்கெட் மாதிரிதான். ஸ்கூல் பிள்ளைகள், மீன் கூடை, சைக்கிள் எல்லாம் ஏறும்.

நான் சொல்கிற வழி இது. குமுளி, கோட்டயம் வழியாகக் குமரகம் போய்விடுங்கள். அங்கே படகுத்துறையில் நீங்கள் ஆறு பேரும் முகம்மா போகிற அரசுப் படகில் ஏறிக்கொள்ளுங்கள். காரை டிரைவரிடம் கொடுத்து, தண்ணீர்முக்கம் வழியாகச் சுற்றிக்கொண்டு முகம்மாவுக்கு வந்துவிடச் சொல்லுங்கள். வேம்பநாட்டுக் காயலை நீங்கள் குறுக்கே கடக்க முக்கால் மணி நேரம் போல ஆகும், வழியில் பாதிராமணல் என்கிற ஆளில்லாத தீவு தெரியும், இறங்கிப் பார்க்க ஆசையிருந்தால் முகம்மாவிலிருந்து தனிப் படகு பிடித்துப் போய்வரலாம். காட்டுச்செடியும் பறவையும்தான், வேறு ஒன்றும் இல்லை, அதுதான் அதன் அழகு.

பிள்ளைகளை முன்பக்கம் உட்கார வையுங்கள். முன்னால் சக்கரம் பிடித்து நிற்பவர் ஸ்ராங்கு. இன்ஜினைப் பார்க்கும் ஆள் வேறு இடத்தில் இருப்பார், அவருக்கு இவர் முகம் தெரியாது. அதனால் ஸ்ராங்கு ஒரு கயிற்றை இழுப்பார், பின்னால் மணி அடிக்கும். மெதுவாக, நிறுத்து, பின்னால் எடு, எல்லாமே அந்த மணி அடிக்கிற கணக்குதான். துறை நெருங்கும்போது ஒருவர் கையில் கயிற்றோடு படகின் விளிம்பில் நின்று, படகு முட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் கரைக்குத் தாவி, குற்றியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பெரியவர்களுக்குக் கை கொடுப்பார். என் கூட வந்த பத்து வயசுப் பையன் காயலைப் பார்க்கவே இல்லை, வழி முழுக்க அந்தக் கயிற்றுக்காரரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். ஹவுஸ்போட்டில் இது கிடைக்காது.

முகம்மாவிலிருந்து காரில் ஆலப்புழை கொஞ்ச தூரம்தான். அங்கே மறுபடியும் அரசுப் படகு, நெடுமுடி பக்கம் போவதாகப் பார்த்து ஏறுங்கள். நெடுமுடி, ஆலப்புழை–சங்கனாசேரி சாலையில்தான் இருக்கிறது, கார் அங்கே வந்து காத்திருக்கலாம், அப்படியே கோட்டயம் வழியாகத் திரும்பிவிடலாம். இந்தத் தடத்தில்தான் குட்டநாடு தெரியும். படகு ஜன்னலிலிருந்து பார்த்தால் வயல் உங்கள் கண்ணுக்குக் கீழே இருக்கும், நீங்கள் போகிற தண்ணீர் வயலுக்கு மேலே. கடல் மட்டத்துக்குக் கீழே ஒன்று முதல் மூன்று மீட்டர் வரை இறங்கின நிலத்தில் நெல் போடுகிறார்கள். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013இல் இதை உலக முக்கியத்துவம் உள்ள வேளாண் மரபு என்று பட்டியலில் சேர்த்தது. மே மாதம் அறுவடை முடிந்திருக்கும், பச்சை குறைவாகத்தான் இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும். 72 வயசுக்காரரை விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பிக் குமுளி மலைப்பாதையில் இறக்கி, ராத்திரி அதே பாதையில் ஏற்றுவது நியாயமில்லை. முந்தின நாள் சாயங்காலமே கோட்டயம் வந்து தூங்கிவிடுங்கள். தண்ணீரில் ஒரு நாள் என்றுதான் சொன்னேன், காரில் ஒரு நாள் என்று சொல்லவில்லை.

கே: ஏன் எப்போதும் "காலையிலேயே போங்கள்" என்று எழுதுகிறீர்கள்? மாலையில் சூரியன் மறைவதைத் தண்ணீரிலிருந்து பார்ப்பதுதானே அழகு? (ஈரோடு)

ப: அழகுதான், மறுக்கவில்லை. கரையில் உட்கார்ந்து பாருங்கள்.

கோடையில் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் கண்ணாடி. பதினோரு மணிக்கு மேல் நிலம் சூடாகிக் கடல்காற்று ஏற ஆரம்பிக்கும், காயலிலும் கழிமுகத்திலும் சின்னச் சின்ன அலை எழும்பும், துடுப்புப் போடுகிறவர் காற்றோடு மல்லுக்கட்டுவதில் உங்களுக்கு எதையும் காட்ட முடியாது. பறவைகளும் அந்த நேரத்தில் நிழலைத் தேடிப் போய்விடும். கேரளப் பக்கம் என்றால் ஏப்ரல், மே பிற்பகலில் இடிமழை வேறு. திறந்த தண்ணீரில் உயரமான பொருள் நீங்களும் உங்கள் படகும்தான், மின்னலுக்கு அது போதும். இரண்டு மணிக்குள் கரையேறிவிடுவது என் கணக்கு. இன்னொரு விஷயம், படகில் காற்று அடிப்பதால் வெயில் உறைக்காது, தண்ணீரில் பட்டு எதிரொளிக்கிற வெயிலும் சேர்ந்து முகத்தை வறுத்தெடுத்திருப்பது ராத்திரிக் கண்ணாடியைப் பார்க்கும்போதுதான் தெரியும். தொப்பி போதாது, கழுத்துக்கு ஒரு துண்டு.

கே: மே மாதம் வேடந்தாங்கல் போகலாமா, பிள்ளைகளுக்கு லீவு அப்போதுதானே? (காஞ்சிபுரம்)

ப: வேண்டாம். பறவைகளுக்குப் பள்ளி லீவு தெரியாது. நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் அங்கே கூட்டம், குஞ்சு பொரித்து வளர்த்துக் கிளம்பிவிடும். மே மாதம் போனால் காய்ந்த ஏரியையும் வெள்ளை எச்சம் படிந்த மரங்களையும் பார்த்துவிட்டு வரலாம். அரையாண்டு லீவுக்குத் தள்ளி வையுங்கள்.

கே: பிச்சாவரத்தில் மோட்டார் படகா, துடுப்புப் படகா? போன வருஷம் மோட்டார் படகில் போனோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. "இவ்வளவுதானா" என்று திரும்பினோம். (விருத்தாசலம்)

ப: துடுப்பு. யோசிக்கவே வேண்டாம். நானும் முதல் தடவை உங்களை மாதிரியேதான், மதியம் ஒரு மணி, மோட்டார் படகு, டீசல் வாசனை, ஒரு செல்ஃபி, முடிந்தது கதை. மோட்டார் படகு அகலமான வாய்க்காலில் மட்டும்தான் ஓடும். பிச்சாவரம் இருப்பதோ ஒடுக்கமான சந்துகளில், அங்கே துடுப்புப் படகுதான் நுழையும், அதிலும் சில இடத்தில் எல்லோரும் குனிந்துகொள்ள வேண்டும், இரண்டு பக்கக் கிளையும் தலைக்கு மேல் கைகோத்து நிற்கும்.

அடுத்த முறை சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் திறக்கிற நேரத்துக்கே போய் நில்லுங்கள். சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர்தான். டிக்கெட் எடுக்கும்போதே "உள் வாய்க்காலுக்குப் போகுமா, எவ்வளவு நேரம்" என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள், ஏறின பிறகு கேட்டால் அது பேரம் ஆகிவிடும்.

உள்ளே போனதும் படகுக்காரரைக் கொஞ்ச நேரம் துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் ஏற்றமாக இருந்தால் மரம் மிதப்பது போலத் தெரியும், வற்றமாக இருந்தால் வேர் தெரியும். எனக்கு வேர்தான் பிடிக்கும். சுரபுன்னைக்குக் கால் முளைத்த மாதிரி தண்டிலிருந்தே வளைந்து இறங்குகிற வேர்கள், குடை கவிழ்த்தது போல. வெண்கண்டலுக்கு அதற்கு நேர்மாறு, சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே குத்திக்கொண்டு நிற்கும், அவை மூச்சு விடுகிற வேர்கள், சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் தலையை வெளியே நீட்டுகின்றன. சுரபுன்னையில் முருங்கைக்காய் மாதிரி ஒன்று தொங்கும், காய் என்று நினைத்துப் பறித்துவிடாதீர்கள், அது கன்று. விதை மரத்திலேயே முளைத்து, நீண்டு, அப்புறம்தான் கீழே விழுகிறது, சேற்றில் விழுந்தால் ஊன்றிக்கொள்ளும், தண்ணீரில் விழுந்தால் மிதந்து போய் வேறு இடத்தில் ஊன்றும். உப்புத் தண்ணீரில் விதையாக விழுந்து முளைப்பது கஷ்டம் என்று தாய்மரமே முளைக்கவைத்து அனுப்புகிறது. ஒரு நண்டு அந்த வேரில் ஏறுவதைப் பார்த்தேன், நாங்கள் அசைந்ததும் வேரின் மறுபக்கத்துக்குச் சுற்றிக்கொண்டது, நாங்கள் எட்டிப் பார்த்தால் அது இந்தப் பக்கம். ஐந்து நிமிஷம் இந்த விளையாட்டு.

அலையாத்தி என்று இந்தக் காட்டுக்குப் பெயர், அலையை ஆற்றுவது. 2004 சுனாமியின்போது அதன் பின்னால் இருந்த கிராமங்கள் கொஞ்சமாவது தப்பித்ததற்கு இந்தக் காடு ஒரு காரணம் என்று எழுதினார்கள், பெயர் வைத்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. 2022இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. தில்லை மரமும் இந்தக் காட்டுப் பக்கம் உண்டு, சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர் கொடுத்த மரம், படகுக்காரரிடம் கேட்டால் காட்டுவார். ஆனால் கிளையை ஒடிக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கே: சார், நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில் ஏதாவது தீவு இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தீவு என்றால் என்ன என்று காட்ட வேண்டும்.

ப: ஐயா, மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் நீங்கள்.

சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் முக்கொம்புக்குப் போய்க் காவிரி இரண்டாகப் பிரிகிற இடத்தைக் காட்டுங்கள். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830களில் அங்கே மேலணை கட்டினார், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் மதகுகள் அடித்துக்கொண்டு போனது உங்களுக்கே நினைவிருக்கும். அப்புறம் ஊரைச் சுற்றிக்கொண்டு கல்லணைக்குப் போங்கள். தீவின் தலையும் வாலும் ஒரே நாளில் பார்த்த மாதிரி. ஒரு சங்கடம் என்னவென்றால் கோடையில் இரண்டு பக்கமும் மணல்தான் இருக்கும், தீவு தீவாக இருக்காது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறப்பார்கள், தண்ணீர் உங்களூர் வந்து சேர இரண்டு மூன்று நாள், பள்ளி திறந்திருக்கும், பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே.

கடல் தீவுதான் வேண்டும் என்றால் மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள் என்று கணக்கு, அதில் இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. 1986இலிருந்து அது தேசியப் பூங்கா, நினைத்த தீவில் நினைத்தபடி காலை வைக்க முடியாது. கரையில் யாராவது "வாங்க சார், தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று வள்ளத்தைக் காட்டினால் ஏறாதீர்கள், பிடிபட்டால் அபராதம் உங்களுக்கும்தான். பாம்பனுக்குப் பக்கத்தில் குருசடைத் தீவுக்கு வனத்துறையே சூழல் சுற்றுலா என்று படகு விடுகிறது, கடல் மோசமாக இருந்தால் விடமாட்டார்கள், போவதற்கு முன்னால் ராமநாதபுரம் வனத்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். படகு இல்லாத நாளிலும் பாம்பன் பயணம் வீண் போகாது, 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகிறது.

கே: பழவேற்காட்டில் படகில் போக முடியவில்லை. தடை என்கிறார்கள். இவ்வளவு பெரிய ஏரி இருந்து என்ன பயன்? (சென்னை)

ப: கோபம் புரிகிறது. ஆனால் இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சுற்றிப் பார்க்கப் போனவர்கள். அதன் பிறகு வந்த தடைதான் அது. 2009 செப்டம்பர் 30, தேக்கடி, 45 பேர், அதில் நம்மூர்க்காரர்களும் உண்டு. 2023 மே 7, கேரளத்தில் தானூர், 22 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், அந்தி சாய்ந்த பிறகு கிளம்பிய படகு. நான் மேலே புகழ்ந்து தள்ளினேனே, முகம்மா–குமரகம், அதே தடத்தில் 2002 ஜூலையில் அரசுப் படகு ஒன்று மூழ்கி 29 பேர் போனார்கள். வேலைக்கான தேர்வு எழுதக் கிளம்பியவர்கள் நிறைய, படகு பிதுங்கி வழிந்திருக்கிறது. அரசுப் படகு என்றால் பயமில்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

இவற்றில் திரும்பத் திரும்ப வருவது இரண்டு. ஒன்று, ஏற்ற வேண்டியதைவிட அதிக ஆள். இரண்டு, ஆட்கள் ஒரே பக்கம் சாய்வது அல்லது மேல் தட்டில் குவிவது. தேக்கடியில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்தார்கள் என்று அப்போது சொன்னார்கள். தேக்கடி, தானூர், இரண்டுமே இரண்டு தட்டுப் படகு. எடை மேலே போகப் போகப் படகு தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்கிற சக்தி குறையும். ஒரு சொம்பை வாளித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள், பிறகு சொம்பின் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள், புரிந்துவிடும்.

அதனால் ஏறுவதற்கு முன்னால் இத்தனை ஆள் என்று படகில் எழுதியிருக்கிறதா பாருங்கள், எழுதியிருக்கிற எண்ணையும் தலைகளையும் எண்ணிப் பாருங்கள், கூடுதலாக இருந்தால் இறங்கிவிடுங்கள், டிக்கெட் காசு போனால் போகட்டும். மிதவைச் சட்டையைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். மாட்டுங்கள், கொக்கியை இழுத்துப் பாருங்கள், பாதிச் சட்டைகளில் கொக்கி உடைந்திருக்கும், வேறு கேளுங்கள். பிள்ளைக்குப் பெரியவர் சட்டையை மாட்டினால் தண்ணீரில் சட்டை மட்டும் மேலே வரும், பிள்ளை நழுவிவிடும், சின்ன அளவு இல்லை என்றால் பிள்ளையை ஏற்றாதீர்கள். ஒரு தடவை ஒரு படகுத்துறையில் நான் சட்டை கேட்டதற்கு "தண்ணி இடுப்பளவுதான் சார்" என்றார் ஒருவர். யாருடைய இடுப்பு என்று கேட்டேன். பதில் இல்லை, நானும் ஏறவில்லை, என் மனைவி அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

பழவேற்காட்டில் படகு இல்லாமலே ஒரு காலைப்பொழுது போகும். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கோட்டை கட்டினார்கள், கெல்ட்ரியா என்று பெயர், இப்போது மண்மேடும் புதரும்தான். ஆனால் அவர்களின் கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது, வாசலிலேயே கல்லில் செதுக்கின எலும்புக்கூடுகள் உங்களை வரவேற்கும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும், பாருங்கள்.

கே: நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். ஏரித் தண்ணீர் ஏன் சில இடத்தில் உப்பாகவும் சில இடத்தில் நல்ல தண்ணீராகவும் இருக்கிறது? (நாகர்கோவில்)

ப: தம்பியா தங்கையா என்று எழுதவில்லை, கேள்வி பிரமாதம். மழையும் ஆறும் மட்டும் நிரப்புகிற ஏரி நல்ல தண்ணீர். கடலோடு ஒரு வாசல் வைத்திருக்கிற ஏரியில் ஆறும் வரும் கடலும் வரும், அதுதான் காயல். மழைக்காலத்தில் ஆறு ஜெயிக்கும், கோடையில் ஆறு மெலிந்துவிடும், கடல் உள்ளே ஏறும்.

வேம்பநாட்டில் மட்டும் இந்தச் சண்டையில் மனிதர்கள் புகுந்துவிட்டார்கள். உப்பு ஏறினால் நெல் செத்துவிடும் என்று 1970களில் தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டி, கோடையில் மதகை மூடிவிடுகிறார்கள். அதன் மேலேயே சாலை போகிறது. நின்று பார்த்தால் ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் நல்ல தண்ணீர், ஒரே ஏரி. நெல்லுக்கு நல்லதுதான், ஆனால் உப்புத் தண்ணீர் வந்தால் சாகிற வெங்காயத்தாமரை இப்போது சாவதில்லை, படகுப் பாதையை அடைக்கிறது. ஆற்றுக்கொஞ்சு என்கிற பெரிய இறால் குஞ்சு பொரிக்க உப்புத் தண்ணீருக்குப் போக வேண்டும், மதகு மூடியிருந்தால் எப்படிப் போகும்? அதனால் சீக்கிரம் திற என்று மீனவர்களும், அறுவடை முடியட்டும் என்று விவசாயிகளும் வருஷா வருஷம் வாதாடுகிறார்கள். உன்னிடம் கேட்டால் நீ யார் பக்கம்? வகுப்பில் பேசிப் பார்.

கே: தென்காசியில் கல்லூரி படிக்கிறோம். நாலு பேர், பட்ஜெட் குறைவு, ஒரு நாள். எங்கே? (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள், வீட்டில் தெரியாதோ என்னவோ)

ப: மன்றோ தீவு. உங்களுக்காகவே இருக்கிற மாதிரி. செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம் போகிற ரயிலில் ஏறுங்கள், மலையில் பதிமூன்று கண் பாலமும் குகைகளும் வரும், அந்தப் பயணமே பாதிச் சுற்றுலா. கொல்லத்திலிருந்து எர்ணாகுளம் தடத்தில் மன்றோத்துருத்து என்று ஸ்டேஷனே இருக்கிறது, பாசஞ்சர் வண்டிகள் நிற்கும், நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த கர்னல் மன்றோவின் பெயர் அது. கல்லடா ஆறு அஷ்டமுடிக் காயலில் சேருகிற இடத்தில் ஆறு கொண்டுவந்து கொட்டின வண்டலில் உருவான தீவுகள். சின்ன வள்ளத்தில் ஒருவர் பின்னால் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார், இன்ஜின் கிடையாது, வாய்க்கால் இரண்டு வள்ளம் உரசிப் போகிற அகலம். பாலங்கள் அவ்வளவு தாழ்வு, வள்ளத்தின் தளத்திலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டால்தான் கடக்க முடியும், பாலத்தின் அடிப்பக்கம் மூக்குக்கு ஒரு சாண் மேலே நகரும். நாலு பேருக்குப் பங்கு போட்டால் கட்டுப்படியாகும் வாடகைதான், ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள்.

அங்கே சில வீடுகளைக் கவனியுங்கள், வேலியேற்றத்தில், அதாவது கடல் பெருகும்போது, திண்ணை வரை தண்ணீர் வந்த கறை சுவரில் இருக்கும். தீவு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்கிறது. சொல்லப்படுகிற காரணங்களில் ஒன்று, தென்மலையில் கல்லடா ஆற்றின் குறுக்கே கட்டின அணை. வண்டல் அங்கேயே நின்றுவிடுகிறது, தீவுக்குப் புது மண் வருவதில்லை. காலையில் நீங்கள் ரயிலில் கடந்துவருகிறீர்களே, அதே தென்மலை. திரும்பும்போது அந்த ஸ்டேஷன் வந்தால் ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

கே: கொச்சியில் வாட்டர் மெட்ரோ என்கிறார்களே, அது நல்லதா, பழைய படகு நல்லதா? (கோவை)

ப: அம்மா அப்பாவோடு போனால் மெட்ரோ. 2023 ஏப்ரலில் ஆரம்பித்தது, பேட்டரியில் ஓடுகிறது, ஏ.சி., சத்தமே இல்லை, படகும் மேடையும் ஒரே மட்டத்தில் இருப்பதால் சக்கர நாற்காலியே ஏறும். தனியாகப் போனால் பழைய படகு, ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, காயல் முகத்தில் அடிக்கும். எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்புங்கள், இரண்டும் சேர்ந்தாலும் ஆட்டோக் காசு ஆகாது. வழியில் தெரிகிற வில்லிங்டன் தீவு மனிதன் செய்தது, துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டின மண்ணைக் கொட்டி மேடாக்கினது, ராபர்ட் பிரிஸ்டோ என்கிற பொறியாளர் காலத்தில்.

கே: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. படகில் மூன்று நான்கு மணி நேரம் என்றால் பெண்களுக்கு டாய்லெட்? இதை யாருமே எழுதுவதில்லை. (சேலம்)

ப: கூச்சப்பட வேண்டியது எழுதாத நாங்கள். சின்னப் படகு எதிலும் கிடையாது, அரசுப் படகுகளிலும் நம்ப வேண்டாம். அதனால் பயணத்தை ஒன்றரை மணி நேரத் துண்டுகளாக வெட்டுங்கள், மேலே தேனிக்காரர்களுக்குச் சொன்ன வழியும் அப்படித்தான் வெட்டியிருக்கிறேன், நடுவில் கரையில் ஹோட்டல் வரும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் உட்காருவதுதான் பெரிய தப்பு, மயக்கம் வருவது அதனால்தான். ஏறுவதற்கு அரை மணி முன்னால் குடித்து முடித்து, துறையிலேயே போய்விட்டு, படகில் வாயை நனைக்கிற அளவு மட்டும் குடியுங்கள், இறங்கினதும் இளநீர்.

கே: போன வருஷம் நீங்கள் எழுதினதை நம்பிப் பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் போனேன். குனிந்து போட்டோ எடுக்கும்போது போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. 23 ஆயிரம். நீங்கள்தான் பொறுப்பு. (கும்பகோணம்)

ப: பொறுப்பு ஏற்கிறேன், பணம் மட்டும் கேட்காதீர்கள். போனின் உறையில் ஒரு ஓட்டை இருக்கும், அதில் செருப்புவார் மாதிரி ஒரு கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், பத்து ரூபாய். என் போனும் ஒரு தடவை விழுந்தது, படகுக்காரர் துடுப்பை வைத்துவிட்டு இறங்கி முழங்கால் சேற்றில் துழாவி எடுத்துக் கொடுத்தார், அதற்குள் அது செத்துவிட்டது. ஆனால் அவர் கையில் கூடவே ஒரு சிப்பியும் வந்தது. அது இன்னும் என் மேஜையில் இருக்கிறது.